பாறை ஏறும் விளையாட்டு: கயிறு, பெல்ட், போல்ட் எல்லாம் நம்ம கம்பெனி சாமான்தான்... ஆனால் மாற்றி மாட்டினால் ஆபத்து!

கும்மிடிப்பூண்டி,

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜி.என்.டி. ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். சிப்காட்டில் வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்த வாலிபர்கள் பைக்கில் வடக்கே பறப்பார்கள். ஆந்திர எல்லையை தாண்டினால் தடா. அங்கிருந்து உள்ளே திரும்பினால் உப்பலமடுகு அருவி. இன்னொரு கூட்டம் ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் மலைக்கு போகும். திருவள்ளூர் பக்கத்து பையன்களுக்கு இருக்கவே இருக்கிறது பூண்டி ஏரியும், அதை தாண்டி குடியம் குகையும்.

போகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. பாறையை பார்த்ததும் ஏற தோன்றும். கீழே ஒருவன் செல்போனை தூக்கி பிடிப்பான். மேலே ஒருவன் செருப்பை கழற்றி போட்டுவிட்டு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போவான். ஏறுவது சுலபம். இறங்கும்போதுதான் கால் வைக்க இடம் தெரியாது. தடா பக்கம் வழுக்கி விழுந்தும் தண்ணீரில் மூழ்கியும் உயிர் போன செய்தி அடிக்கடி வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதே பாறை ஏற்றம் முறையாக செய்தால் ஒலிம்பிக் விளையாட்டு. ஆங்கிலத்தில் ஸ்போர்ட் க்ளைம்பிங் என்கிறார்கள். இதில் பயன்படும் சாமான்களில் பாதி, உயரத்தில் வேலை பார்க்கும் நம் ஊர் தொழிலாளிகளுக்கு ஏற்கனவே பழக்கமானவை.

எப்படி ஏறுகிறார்கள்?

மலையேற்றம் வேறு, இது வேறு. எவரெஸ்ட் மாதிரி சிகரத்தை தொடுவது இதில் நோக்கம் கிடையாது. 15 மீட்டர், 20 மீட்டர், அதிகம் போனால் 30 மீட்டர் உயர செங்குத்து பாறை போதும். நாலைந்து மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை கை, கால் பலத்தால் மட்டுமே ஏற வேண்டும். கயிறை பிடித்து தொங்கி ஏறினால் அது கணக்கில் வராது. கயிறு இருப்பது விழுந்தால் தாங்குவதற்கு மட்டும்தான்.

பாறையில் வழி போடுபவர்கள் முதலில் மேலே இருந்து கயிறில் இறங்குவார்கள். டிரில்லிங் மிஷினால் துளை போட்டு, சில மீட்டருக்கு ஒன்றாக எஸ்.எஸ். போல்ட் அடிப்பார்கள். சிப்காட்டில் மிஷினை தரையோடு சேர்த்து பிடிக்க வைக்கும் ஆங்கர் போல்ட் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். பருமன் பெரும்பாலும் 10 அல்லது 12 மில்லிமீட்டர். போல்ட்டின் தலையில் ஓட்டை உள்ள ஒரு தகடு. பாதையின் உச்சியில் இரண்டு போல்ட்டை சேர்த்து வளையமோ சங்கிலியோ மாட்டியிருப்பார்கள்.

ஏறுபவர் இடுப்பிலும் இரண்டு தொடையிலும் பெல்ட் மாட்டி, கயிறின் நுனியை எட்டு வடிவ முடிச்சு போட்டு கட்டிக்கொள்வார். கூடவே பட்டை நாடாவின் இரு முனையிலும் கிளிப் வளையம் உள்ள ஜோடிகளை இடுப்பில் தொங்கவிட்டு கொள்வார். ஒரு போல்ட்டை எட்டியதும் ஒரு வளையத்தை தகட்டில் மாட்டி, இன்னொரு வளையத்தில் கயிறை நுழைப்பார். பிறகு அடுத்த போல்ட்டுக்கு போவார்.

கீழே நிற்பவர்தான் இந்த ஆட்டத்தில் முக்கியமான ஆள். பிலேயர் என்று பெயர். கயிறு அவருடைய பெல்ட்டில் உள்ள ஒரு பிரேக் கருவி வழியாக போகும். மேலே போகிறவருக்கு வேண்டிய கயிறை விட்டுக்கொண்டே இருப்பார். ஆள் விழுந்தால் கயிறை இறுக்கி நிறுத்துவார். பிரேக் பக்கத்து கையை கயிறில் இருந்து ஒரு நொடி கூட எடுக்க கூடாது. அவர் செல்போனை பார்த்தால் மேலே இருப்பவர் கதை முடிந்தது.

கணக்கு இப்படி. கடைசியாக மாட்டிய போல்ட்டுக்கு 2 மீட்டர் மேலே போய் கை நழுவினால், அந்த 2 மீட்டரும், போல்ட்டுக்கு கீழே இன்னொரு 2 மீட்டரும் சேர்த்து 4 மீட்டர் விழுவார். அதற்கு மேல் கயிறு கொஞ்சம் இழுபடும். 13, 14 அடி காற்றில் விழுந்து, தொங்கி, சிரித்துக்கொண்டே திரும்ப ஏறுவார்கள். பழகியவர்கள் ஒரே நாளில் பத்து முறை கூட விழுவார்கள்.

தொழிற்சாலை கயிறை எடுத்து போகலாமா?

கூடவே கூடாது. இந்த ஒரு விஷயத்தை தெரிந்துகொண்டாலே போதும்.

கம்பெனியில் சாமான் இறக்கவும், ஆள் தொங்கி வேலை செய்யவும் இருக்கும் கயிறு இழுபடாது. இழுபட்டால் வேலை நடக்காது. ஸ்டேட்டிக் கயிறு என்பார்கள். சாதாரண எடையில் அது 5 சதவீதத்துக்கு மேல் நீளக்கூடாது என்பது ஐரோப்பிய தர விதி. பாறை ஏறும் கயிறு நேர் எதிர். ஆள் விழும்போது ரப்பர் மாதிரி நீண்டு வேகத்தை விழுங்க வேண்டும். அந்த நீட்சி 40 சதவீதம் வரை இருக்கலாம் என்று அதற்கான விதி அனுமதிக்கிறது. இதற்கு டைனமிக் கயிறு என்று பெயர்.

விழும் ஆளை திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை பஸ்சில் சடன் பிரேக் போட்டபோது எல்லோரும் பார்த்திருப்போம். இழுபடாத கயிறில் நாலு மீட்டர் விழுந்தால் அந்த அடி முழுவதும் உடம்புக்கும் போல்ட்டுக்கும்தான் போகும். கயிறு அறாது. முதுகெலும்பு போகும். "கம்பெனி கயிறு டன் கணக்கில் தூக்கும்பா, ஆளை தாங்காதா?" என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தாங்குவது வேறு, மெதுவாக நிறுத்துவது வேறு.

பெல்ட்டும் அப்படித்தான். கம்பெனியில் தருவது முழு உடல் பெல்ட். தோள், மார்பு, தொடை எல்லாம் சேர்த்து மாட்டி, கொக்கி போடும் டி வளையம் முதுகில் இருக்கும். விழுந்தாலும் ஆள் நிமிர்ந்த நிலையில் தொங்க வேண்டும் என்பதற்காக அந்த அமைப்பு. பாறை பெல்ட்டில் கட்டும் இடம் வயிற்றுக்கு முன்னால். முதுகில் கட்டிக்கொண்டு பாறை ஏற முடியாது, இடுப்பு பெல்ட்டை மட்டும் மாட்டிக்கொண்டு சாரத்தில் நிற்கவும் கூடாது.

கம்பெனி பெல்ட்டில் வரும் கயிறில் ஒரு சின்ன பொட்டலம் தைத்திருப்பதை பலர் கவனித்திருப்பார்கள். அதுதான் ஷாக் அப்சார்பர். ஆள் விழுந்தால் அதன் தையல் படபடவென்று பிரிந்து அடியை குறைக்கும். உடம்பில் விழும் விசை 6 கிலோ நியூட்டனுக்குள், அதாவது சுமார் 600 கிலோ எடைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. டைனமிக் கயிறு பாறையில் செய்கிற வேலையை சாரத்தில் செய்வது இந்த பொட்டலம்தான்.

ஆனால் பலருக்கு தெரியாத சங்கதி ஒன்று உண்டு. 2 மீட்டர் கயிறு, பிரிந்த பொட்டலத்தின் நீளம், ஆளின் உயரம், கொஞ்சம் இடைவெளி எல்லாம் கூட்டினால், கால் பக்கத்தில் கொக்கி போட்டவருக்கு கீழே சுமார் 6 மீட்டர், அதாவது 20 அடி காலியாக இருக்க வேண்டும். 10 அடி உயரத்தில் நின்றுகொண்டு காலடியில் கொக்கி மாட்டினால், பெல்ட் வேலை செய்யும் முன்பே தரை வந்துவிடும். அதனால்தான் கொக்கியை தலைக்கு மேலே மாட்டு என்று சேப்டி ஆபீசர் கத்துகிறார். பாறை ஏறுபவர்களும் தரைக்கு பக்கத்தில் முதல் இரண்டு போல்ட் வரைக்கும்தான் அதிகம் பயப்படுவார்கள். காரணம் அதேதான்.

ஒரு முறை பொட்டலம் பிரிந்த பெல்ட்டை திரும்ப மாட்டக்கூடாது. வெல்டிங் பொறி பட்டது, ஆசிட் பட்டது, வெயிலில் கிடந்து வெளுத்தது எல்லாம் குப்பைக்குத்தான். பாறை ஏறுபவர்கள் கயிறை தரையில் மிதிக்கவே விடமாட்டார்கள். மண் துகள் உள்ளே போய் நூலை அறுக்கும் என்று அதற்கென தனி துணி விரித்து வைப்பார்கள். நம் சைட்டுகளில் கயிறு கிடக்கும் கோலத்தை பார்த்தால் அவர்களுக்கு மயக்கமே வந்துவிடும்.

பெல்ட்டில் தொங்குபவரை அப்படியே விட்டுவிடவும் கூடாது. அசையாமல் தொங்கினால் தொடை பட்டை ரத்த ஓட்டத்தை பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். பாறையில் கீழே நிற்பவர் உடனே கயிறை விட்டு இறக்கிவிடுவார். சைட்டில் யார் இறக்குவது என்று முதலிலேயே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கு உயரம் என்பது விளையாட்டு விஷயம் மட்டும் இல்லை. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி எண்ணூர் சிறப்பு பொருளாதார மண்டல அனல் மின் நிலைய கட்டுமான பணியில் சாரம் சரிந்து வெளிமாநில தொழிலாளர்கள் 9 பேர் பலியானார்கள். பெல்ட்டை எதில் மாட்டுகிறோமோ அதுவே சரிந்தால் பெல்ட் என்ன செய்யும்? பாறையில் உச்சியில் எப்போதும் இரண்டு போல்ட் அடிப்பது, ஒன்று போனாலும் இன்னொன்று நிற்க வேண்டும் என்றுதான்.

போல்ட்டையும் கண்ணை மூடி நம்ப முடியாது. தாய்லாந்தில் கடலோரம் உள்ள ரைலே, டொன்சாய் பாறைகள் உலக புகழ் பெற்றவை. அங்கே எஸ்.எஸ். போல்ட்டுகள் வெளியே பளபளவென்று இருந்தும் உள்ளே உப்பு அரித்து பட்டென்று உடைந்தன. பிறகு டைட்டானியம் போல்ட் அடித்தார்கள். எண்ணூர், காட்டுப்பள்ளி உப்பு காற்றில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்க தேவையில்லை.

பல்லவர் பிடித்த ஊரில் பாறை ஆட்டம்

இந்த விளையாட்டுக்கு இந்தியாவில் பெயர் போன ஊர் கர்நாடகத்தில் உள்ள பாதாமி. பாகல்கோட் மாவட்டத்து சின்ன ஊர். குகை கோவில்களை பார்க்க சுற்றுலா பயணிகள் வருவார்கள். நம்மவர்களுக்கு பழைய பெயரை சொன்னால் உடனே புரியும். வாதாபி!

642-ல் காஞ்சியில் இருந்து படையெடுத்து போன நரசிம்மவர்ம பல்லவன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை தோற்கடித்து பிடித்த ஊர் இதுதான். மாமல்லபுரத்துக்கு பெயர் தந்த அதே மாமல்லன். அவன் பெயர் உள்ள கல்வெட்டு இன்னமும் பாதாமி பாறையில் இருக்கிறது. கல்கியின் சிவகாமியின் சபதம் படித்தவர்களுக்கு இந்த கதை அத்துப்படி.

ஊருக்கு பின்னால் வளைத்து நிற்கும் செம்மண் நிற மணற்பாறை ஏறுபவர்களுக்கு வரப்பிரசாதம். படுக்கை வாட்டில் வரி வரியாக விளிம்பு இருப்பதால் விரல் நுனி பிடிக்க இடம் கிடைக்கும். வெளிநாட்டுக்காரர்களும் பெங்களூர், புனே இளைஞர்களும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வந்து மொய்ப்பார்கள். வெயில் காலத்தில் பாறை தோசைக்கல் மாதிரி கொதிக்கும். கை வியர்த்தால் பிடி நழுவும் என்பதால் மெக்னீசியம் கார்பனேட் பொடியை பையில் வைத்து தடவிக்கொள்வார்கள். காலில் விரல் மடங்கும் அளவுக்கு இறுக்கமான ரப்பர் ஷூ.

ஒவ்வொரு பாதைக்கும் பெயர் உண்டு, கஷ்டத்துக்கு தகுந்த மார்க்கும் உண்டு. பிரான்ஸ் நாட்டு முறையில் 4, 5 என்றால் புதியவர்கள் ஏறலாம். 7-க்கு மேல் போனால் வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். உலகத்தில் முதன்முதலாக 9சி மார்க் வாங்கிய பாதை நார்வேயில் இருக்கிறது. செக் நாட்டு வீரர் ஆடம் ஓண்ட்ரா 2017-ல் ஏறினார். பாதாமியில் கணேஷா என்று ஒரு பாதை இருக்கிறது. மார்க் 8பி பிளஸ். புனே வீரர் துஹின் சதார்கர் அதை ஏறி பெயர் வாங்கினார். வாதாபி கணபதி ஊரில் கணேஷா என்று பெயர் வைத்தது பொருத்தம்தான்.

பாதாமியில் எல்லா பாறையிலும் ஏற முடியாது. குகை கோவில்கள் தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ளவை. அங்கே கை வைத்தால் வழக்குதான். பெங்களூர் பக்கத்து ராமநகரத்திலும் இதே கதை. 1975-ல் வெளியான ஷோலே படத்தில் கப்பர் சிங் கூட்டம் சுற்றிய பாறைகள் அவை. பாறை இடுக்கில் அழிந்து வரும் கழுகுகள் கூடு கட்டுவதால் ராமதேவர பெட்டாவை 2012-ல் சரணாலயமாக அறிவித்தார்கள்.

கயிறு இல்லாத 'குரங்கு ராஜா'

கர்நாடகத்தில் சித்ரதுர்கா கோட்டைக்கு போனவர்கள் ஜோதிராஜ் பெயரை கேட்டிருப்பார்கள். கோத்தி ராஜ், அதாவது குரங்கு ராஜா என்று செல்லப்பெயர். பிறந்தது தமிழ்நாட்டில். சின்ன வயதிலேயே கர்நாடகம் போய், கட்டிட வேலை பார்த்தவர்.

வாழ்க்கை வெறுத்து போய் கோட்டை பாறையில் ஏறியவர், கீழே இருந்தவர்கள் கைதட்டியதை கேட்டு மனம் மாறினார் என்பது அவரே சொன்ன கதை. குரங்குகள் ஏறுவதை பார்த்து பழகி, வெறும் கையோடு கோட்டை சுவரில் சரசரவென்று ஏறி சுற்றுலா பயணிகளை அசர வைத்தார். பள்ளத்தில் விழுந்தவர்களின் உடல்களை மீட்க போலீசாருக்கும் உதவினார். 2018-ல் ஜோக் அருவியில் அப்படி தேடி இறங்கியவர் தானே காணாமல் போய், பிறகு மீட்கப்பட்டது பரபரப்பான செய்தி ஆனது.

அமெரிக்காவின் அலெக்ஸ் ஹொனால்ட் 2017 ஜூன் 3-ந்தேதி எல் கேப்பிட்டன் என்ற சுமார் 900 மீட்டர் பாறையை கயிறே இல்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். ஆனால் அதே பாதையை கயிறு கட்டிக்கொண்டு பல முறை ஏறி, எந்த இடத்தில் எந்த விரல் என்று மனப்பாடம் செய்த பிறகுதான் அந்த வேலையில் இறங்கினார். வீடியோவில் அந்த பாகத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஒலிம்பிக்கில் 4.75 வினாடி

போல்ட் அடித்து ஏறும் முறை 1980-களில் பிரான்சில் பெரிதாக பரவியது. 1985-ல் இத்தாலியில் பார்டோனெக்கியா என்ற ஊர் பாறையில் பெரிய போட்டி நடந்தது. பிறகு போட்டிகள் செயற்கை சுவருக்கு மாறின. ஒலிம்பிக்கில் சேர்ந்தது டோக்கியோவில், 2021-ல்.

இதில் நம்மவர்களுக்கு பிடிக்க கூடியது ஸ்பீட் பிரிவு. 15 மீட்டர் சுவர், 5 டிகிரி முன்பக்கம் சாய்ந்திருக்கும். உலகம் முழுக்க ஒரே அமைப்பு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடி ஏறுவார்கள். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 4.75 வினாடியில் ஏறி தங்கம் வென்றார். பேட்மிண்டன் தவிர வேறு விளையாட்டில் அந்த நாட்டுக்கு கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. பெண்களில் ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் டோக்கியோ, பாரீஸ் இரண்டிலும் தங்கம் தட்டினார். 2028 லாஸ் ஏஞ்சல்சில் மூன்று பிரிவுக்கும் தனித்தனி பதக்கம்.

பாரீஸ் வரை இந்தியாவில் இருந்து இந்த விளையாட்டில் ஒலிம்பிக்குக்கு ஒருவர் கூட தகுதி பெறவில்லை. டெல்லியில் உள்ள இந்திய மலையேற்ற சம்மேளனம்தான் மண்டல, தேசிய போட்டிகளை நடத்துகிறது. தென் மண்டலத்தில் பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் உள்ள சுவர்தான் பலரை உருவாக்கியது. போலியோவால் கால் பாதிக்கப்பட்ட மணிகண்டன் அந்த ஊர்க்காரர். பாரா க்ளைம்பிங் உலக போட்டியில் இந்தியாவுக்கு பதக்கம் வாங்கி தந்தார். 2028 பாராலிம்பிக்கில் இந்த விளையாட்டும் முதல் முறையாக சேர்கிறது.

குடியம் பாறையில் ஏறலாமா?

திருவள்ளூர் மாவட்டத்தில் பாறை என்றால் முதலில் சொல்ல வேண்டியது குடியம். பூண்டி ஏரிக்கு அப்பால், குடியம் கிராமத்தில் இருந்து காட்டு வழியாக நடந்து போனால் அல்லிக்குழி மலையில் பிரமாண்டமான பாறை குடை வரும். ஆதி மனிதன் தங்கிய இடம். 1960-களில் தொல்லியல் துறை இங்கே தோண்டி கல் கருவிகளை எடுத்தது. பக்கத்தில் கொசஸ்தலை ஆற்றங்கரையில் உள்ள அத்திரம்பாக்கத்தை 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் கண்டுபிடித்தார். அங்கே கிடைத்த கற்கோடரிகள் 15 லட்சம் வருஷம் பழமையானவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். குகைக்குள் அம்மன் வழிபாடும் நடக்கிறது.

இங்கே ஏற கூடாது. தொல்லியல் இடம், காப்புக்காடு என்ற காரணங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். பாறையே சரியில்லை. கூழாங்கற்களை கான்கிரீட் மாதிரி இயற்கை ஒட்டி வைத்த கலவை பாறை அது. பிடித்த கல் கையோடு பெயர்ந்து வர வாய்ப்பு உண்டு. அது தவிர மேலே மலைத்தேனீ கூடுகள். சத்தம் போட்டாலோ, சிகரெட் புகை போனாலோ கலைந்து வந்து கொட்டும். பாறையில் பாதி உயரத்தில் இருப்பவன் எங்கே ஓடுவான்?

நடந்து போய் பார்க்க தடை இல்லை, அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற போனவர்கள் சிக்கி 23 பேர் பலியான பிறகு மலையேற்றத்துக்கு தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். காட்டுத்தீ சீசனில் பாதையை மூடிவிடுவார்கள், பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உப்பலமடுகும் நாகலாபுரமும் ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் இருப்பதால் அங்கே ஆந்திர வனத்துறை விதிதான். மழை நேரத்தில் அருவி பாறை பாசி பிடித்து சோப்பு மாதிரி இருக்கும். காட்டுக்குள் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது, விழுந்தவரை தூக்கி வருவதற்குள் பொழுது போய்விடும். ஏறித்தான் ஆக வேண்டும் என்று ஆசை உள்ளவர்கள் செயற்கை சுவரில், பயிற்சியாளர் முன்னால், மேலே இருந்து கயிறு வரும் முறையில் தொடங்குவதுதான் வழக்கம். அங்கே பெல்ட்டும் ஷூவும் வாடகைக்கே கிடைக்கும். கம்பெனி ஸ்டோரில் கேட்டு வாங்க வேண்டியதில்லை.